டீசல் பச்சை

புது வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்ரோலா டீசலா என்று ஊரையே கேளுங்கள், தப்பில்லை. எது அதிகம் இழுக்கும், எது குறைவாகக் குடிக்கும், மேட்டில் எது மூச்சு வாங்கும், எல்லாவற்றையும் கேளுங்கள். ஆனால் அதற்கெல்லாம் முன்னால், அந்த எஞ்சினை நிறுத்துவது எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்காமல் வண்டி ஏறிய மேதாவி ஒருவன் காஞ்சிபுரத்தில் உண்டு. அடியேன்தான்.

போன மாதம் என் மகன் பெரிய வண்டி ஒன்று வாங்கக் கிளம்பினான். எஸ்.யூ.வி.யாம். பெட்ரோலில் ஒன்று, டீசலில் ஒன்று, பெட்ரோலும் கரண்டும் கலந்து ஒன்று, வெறும் பேட்டரியில் ஒன்று என்று ஒரே வண்டிக்கு அத்தனை எஞ்சின். வீட்டில் எல்லோரும் செல்போனைச் சுற்றி உட்கார்ந்து விவாதித்துக்கொண்டிருந்தார்கள். நானும் பெரியவன் என்கிற முறையில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எஞ்சின் விஷயத்துல முக்கியமா என்னன்னா..." என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான். மகன் சிரித்தான், மருமகள் சிரித்தாள், என் மனைவி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, "நீங்க சும்மா இருங்க, உங்க அக்காவுக்குப் போன் போடலாம்" என்றாள். ஐம்பது வருஷமாக இந்த வீட்டில் எஞ்சின் என்ற சொல்லை என் வாயால் சொல்ல முடியவில்லை.

கதை எழுபதுகளில் நடந்தது. பெட்ரோல் விலை திடீரென்று தலைதெறிக்க ஏறியிருந்த சமயம். அப்பா பட்டுத் தறிக்காரர். வீட்டில் ஓடிய தறிகள் போக, முசரவாக்கம், கூரம், ஏனாத்தூர் பக்கமெல்லாம் எங்களுக்கு நெய்கிறவர்கள் இருந்தார்கள். பாவு நூலும் ஜரிகையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்க் கொடுத்து, நெய்த புடவையை வாங்கி வருவது அப்பாவின் வேலை. மழைக்காலத்தில் அந்த மண் சாலைகளில் சைக்கிளை அவர் ஓட்டிய தூரத்தைவிடத் தோளில் சுமந்த தூரம் அதிகம். ஆகவே ஒரு ஜீப் வாங்குவது என்று முடிவானது. முடிவானது அவ்வளவுதான். பெட்ரோல் ஜீப்பா, டீசல் ஜீப்பா என்பதில் வீடு இரண்டாகிவிட்டது.

அப்பா பெட்ரோல் கட்சி. "பட்டு ஏத்துற வண்டிடா. டீசல் நாத்தம் புடவையில ஏறிச்சுன்னா எவன் வாங்குவான்? பெட்ரோல் எஞ்சின் பாரு, பூனை மாதிரி சத்தம் இல்லாம போவும்" என்பார்.

நான் டீசல் கட்சி. (நான் மட்டும்தான் டீசல் கட்சி.) அப்போதுதான் பி.காம். முடித்துவிட்டு, வேலை தேடுவதாகச் சொல்லி நூலகத்தில் உட்கார்ந்து கார் பத்திரிகைகளைப் படித்துக்கொண்டிருந்தேன். டிரைவிங் ஸ்கூலில் ஒரு பழைய பெட்ரோல் காரில் ஓட்டவும் கற்றிருந்தேன். அது போதாதா? "கம்ப்ரெஷன் ரேஷியோ" என்பேன், "டார்க்" என்பேன். வீட்டுக்குச் சாயம் கொண்டுவருகிறவர், முடிவெட்டுகிறவர், பால்காரர், யார் வந்தாலும் உட்கார வைத்து டீசலின் பெருமையைச் சொல்லுவேன். பால்காரர் கொஞ்ச நாளில் பாலை வாசலிலேயே வைத்துவிட்டு ஓட ஆரம்பித்தார்.

அம்மா எந்தக் கட்சியும் இல்லை. "எதுவா இருந்தா என்ன, கல்யாணத்துக்குள்ள வந்தா சரி" என்பாள்.

கல்யாணம் அக்காவுக்கு. அக்கா பெயர் வேதவல்லி. அவளைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அவள் வாயைத் திறந்தால் எங்கள் தெருவில் காய்கறி விற்கிறவன்கூட எடையைக் கூட்டிப் போடுவான். கோபம் வந்தால் கையில் இருப்பது பறக்கும். இது சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் எங்கே சம்பந்தம் நின்றுபோய்விடுமோ என்று அம்மாவுக்குப் பயம். "கழுத்துல தாலி ஏர்ற வரைக்கும் நீ வாயே தொறக்கக் கூடாது" என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள். அதனால் பெண் பார்க்க வந்த அன்று அக்கா குனிந்த தலை நிமிரவில்லை. கேட்டதற்கெல்லாம் தரையைப் பார்த்துத் தலையாட்டினாள். அத்தனை சாதுவாக ஒரு பெண்ணை நானே அதற்கு முன் பார்த்ததில்லை.

மாப்பிள்ளை பெயர் ஏகாம்பரம். பிள்ளையார்பாளையத்தில் வீடு, அவர்களும் நெசவுக் குடும்பம். மாப்பிள்ளையின் அம்மா தனபாக்கியம் அம்மாள்தான் அந்த வீட்டுக்கு எல்லாம். கணுக்காலுக்கு மேல் கட்டிய புடவையும் உரத்த குரலுமாக அவர் வெளியே வந்தால் தெருநாய் எழுந்து வழிவிடும். கூரைப் புடவையை, அதாவது முகூர்த்தத்துக்குக் கட்டுகிற பட்டை, எந்தக் கடையிலும் வாங்க மாட்டேன், என் வீட்டுத் தறியில்தான் நெய்வேன் என்று சொல்லிவிட்டார். மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை. கல்யாணம் நெருங்கிவிட்டதால் ஒரு நாள்கூட வீணாக்க முடியாத நிலை.

நான் விடாமல் எழுதிய கடிதங்களுக்குப் பலன் கிடைத்து, சென்னையிலிருந்து கம்பெனிக்காரர் ஒருவர் புத்தம் புது டீசல் ஜீப் ஒன்றை ஓட்டிக்கொண்டு ஒரு சாயங்காலம் வந்து சேர்ந்தார். ராத்திரி எங்கள் வீட்டில் தங்குவது, காலையில் அப்பாவுக்கு ஓட்டிக் காட்டுவது, பிடித்தால் டீசல், பிடிக்காவிட்டால் பெட்ரோல், எதுவானாலும் நாளைக்கே முடிவு என்று ஏற்பாடு. நல்ல மனிதர், பாவம். வந்ததும் என்னை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து விளக்க ஆரம்பித்தார்.

"தம்பி, பெட்ரோல் வண்டி மாதிரி இல்ல இது. இது ஹீட்டர். கொஞ்சம் சூடு காட்டிட்டு ஸ்டார்ட் பண்ணணும். அப்புறம் இந்தப் பக்கம் பாருங்க..."

"தெரியும் சார்."

"இல்ல தம்பி, இதோ இந்த நாப் வந்து..."

"சார், எல்லாம் தெரியும் சார். படிச்சிருக்கேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "ரொம்ப சந்தோஷம்" என்று இறங்கிவிட்டார். இப்போது நினைத்தாலும் அந்த இடத்தில் யாராவது என் வாயில் ஒரு துணியை அடைத்திருக்கக் கூடாதா என்று இருக்கிறது.

மறுநாள் காலை. கூரைப் புடவைக்குப் பாவு நீட்டுகிற நாள். எங்கள் ஊரில் இது தெருவில்தான் நடக்கும். வெயில் ஏறுவதற்கு முன்னால் பட்டு இழைகளைத் தெருவின் நீளத்துக்கு நீட்டி, இடையிடையே மரக் கவைகளைக் கொடுத்துத் தாங்கி, அரிசிக் கஞ்சி தெளித்து, இழை ஒன்றோடொன்று ஒட்டாமல் நீவிவிட்டுக் காய வைப்பார்கள். ஒரு புடவையின் உயிர் அந்த நேரத்தில் தெருவில் கிடக்கும். குறுக்கே ஆடு போகாமல், குப்பை பறக்காமல் தெருவே காவல் காக்கும். கூரைக்குப் பாவு நீட்டும்போது பெண் வீட்டிலிருந்து பூவும் வெற்றிலையும் போவது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மா போவதாக இருந்தது. போகிற வழியில் காமாட்சியம்மன் கோயிலில் ஒரு அர்ச்சனை, அதற்கு அக்காவும் வருவதாக இருந்தது.

கம்பெனிக்காரர் ஜீப்பைக் கிளப்பி, "கொஞ்ச நேரம் சும்மா ஓடட்டும்" என்று விட்டுவிட்டுக் காபி குடிக்க உள்ளே போனார். அப்பா பூஜையில் இருந்தார். வாசலில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. அம்மாவும் அக்காவும் ரிக்‌ஷாவுக்குக் காத்துக்கொண்டிருக்கிறார்கள். என் மூளையில் அந்த மகத்தான யோசனை உதித்தது.

"அம்மா, ஏறுங்க. ரிக்‌ஷா எதுக்கு? சம்பந்தி வூட்டுக்கு ஜீப்புல போய் எறங்குனா எப்படி இருக்கும்!"

"அந்த ஆளு வரட்டும்டா" என்றாள் அம்மா.

"நான் ஓட்ட மாட்டேனா? சும்மா ஒரு ரவுண்டு, அவர் காபி குடிக்கிறதுக்குள்ள வந்துடலாம்."

அக்கா முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். அவள் கையில் ஒரு ஒயர் கூடை. (அந்தக் காலத்தில் பிளாஸ்டிக் ஒயரில் கூடை பின்னாத பெண்ணே ஊரில் கிடையாது. இது அக்கா பின்னியது, சிவப்பும் வெள்ளையும்.) மல்லிகைப்பூ, அர்ச்சனைத் தேங்காய், வாழைப்பழம் எல்லாம் அதில் இருந்தன. "இதை எங்கடா வெக்கிறது? ஆடுனா பூ கொட்டிடும்" என்றாள்.

நான் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. எதிரே பலகையில் இழுக்கிற கைப்பிடி மாதிரி ஒரு குமிழ் நீட்டிக்கொண்டிருந்தது. "இதோ, அதுக்குன்னே கொக்கி வெச்சிருக்கான் பாரு. பொம்பளைங்க கூடை மாட்டுறதுக்கு. பெட்ரோல் வண்டியில இதெல்லாம் கிடையாது" என்று கூடையை வாங்கி அதில் மாட்டினேன். அக்காவே மெச்சிப்போய்விட்டாள்.

கோயில் வரைக்கும் ராஜபாட்டை. வாசலில் அவர்கள் இறங்கிப் போய் அர்ச்சனை முடித்து வரும் வரை எஞ்சினை ஓடவிட்டே வைத்திருந்தேன். போகிற வருகிறவர்கள் பார்க்க வேண்டாமா? அங்கே நிறுத்திப் பார்த்திருந்தால் என் விதி கோயில் வாசலோடு முடிந்திருக்கும். தேங்காய் உடைந்து இரண்டு மூடியாகக் கூடைக்குத் திரும்பியது, கூடை அதே கொக்கிக்குத் திரும்பியது, நாங்கள் பிள்ளையார்பாளையம் கிளம்பினோம்.

தெருவுக்குள் நுழையும்போதே பாவு தெரிந்தது. காலை வெளிச்சத்தில் மாம்பழ மஞ்சள் அப்படியே தெரு நீளத்துக்கு ஈரமாக மின்னிக்கொண்டிருந்தது. தனபாக்கியம் அம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இழைகளை நீவிக்கொண்டிருந்தார். நாலைந்து பேர் கூட வேலை செய்தார்கள். அழகாகத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு நடந்து போயிருக்கலாம். ஆனால் திரும்பிப் போகும்போது ஒரே எடுப்பில் விர்ரென்று கிளம்ப வேண்டும், அதைச் சம்பந்தி வீடு பார்க்க வேண்டும். ஆகவே வண்டியைத் திருப்பி, பின்னோக்கியே ஓட்டி, பாவின் தலைமாட்டுக்குச் சற்றுத் தள்ளிக் கச்சிதமாக நிறுத்தினேன். அதாவது ஜீப்பின் முகம் தெரு முனையைப் பார்த்திருந்தது. புகைக்குழாய் பாவைப் பார்த்திருந்தது.

அம்மா பூவும் வெற்றிலையும் வைத்த தட்டோடு இறங்கினாள். கல்யாணப் பெண் அந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்பதால் அக்கா தலையைக் குனிந்துகொண்டு வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் சாவியைத் திருப்பினேன்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

சரியாகத் திருப்பவில்லை போலிருக்கிறது என்று மறுபடி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பினேன். ஓடிக்கொண்டிருந்தது. சாவியை உருவி வெளியே எடுத்தேன். சாவி என் உள்ளங்கையில் இருக்கிறது, வண்டி தன் பாட்டுக்கு டடடடவென்று ஓடிக்கொண்டிருக்கிறது.

டிரைவிங் ஸ்கூலில் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்: பழைய வண்டி நிற்க அடம்பிடித்தால் ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்துவிட்டு நிறுத்து என்று. மிதித்தேன். ஒரு மிதி அல்ல, பயத்தில் பலமாகவே மிதித்தேன். பின்னால் குபுகுபுவென்று கரும்புகை கிளம்பியது. ஈரக் கஞ்சியோடு இருந்த மாம்பழ மஞ்சள் பட்டு அதை ஒரு பொட்டுக்கூட வீணாக்காமல் வாங்கிக்கொண்டது.

"ஐயோ பாவு! பாவு!" என்று பின்னால் அலறல்.

அலறலைக் கேட்டுப் பதறி இன்னொரு மிதி மிதித்தேன்.

"டேய், வண்டியை முன்னாடி எடுடா!" என்று அக்கா தலையைக் குனிந்தபடியே பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். சத்தியம் இன்னும் அமலில் இருந்தது. எங்கே எடுப்பது? சாயப்பட்டறைக்கு விறகு ஏற்றி வந்த ஒரு மாட்டுவண்டி சரியாக எங்கள் முன்னால் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. எஞ்சின் சத்தத்தில் மிரண்ட மாடுகள் இம்மி நகர மாட்டேன் என்று நின்றுவிட்டன. இதற்குள் தெரு முழுக்க ஜனம்.

"சாவி கையில இருக்குது, வண்டி ஓடிக்கினே இருக்குதே!"

"காத்து கருப்பு ஏதாச்சும் பூந்துக்கிச்சா? வேப்பிலை எடுத்தாங்கப்பா."

"தண்ணி ஊத்துங்க மேல." ஊற்றினார்கள். புது வண்டி குளித்தது, நிற்கவில்லை.

கூட்டத்தில் ஒருவர் மட்டும் நியாயமாக யோசித்தார். "ஏம்பா, எண்ணெய் தீர்ந்தா தன்னால நின்னுடாதா?" என்று கேட்டார்.

"தீராதுங்க. அதான் டீசல். சொட்டு எண்ணெயில ரொம்ப நேரம் ஓடும்" என்றேன் நான்.

சத்தியமாகச் சொன்னேன். கல்யாணம் நாசமாகிக்கொண்டிருக்கிறது, அம்மா தட்டோடு விறைத்து நிற்கிறாள், மாப்பிள்ளை ஏகாம்பரம் பாதி முகத்தில் சவர சோப்போடு வாசலுக்கு ஓடி வந்து நிற்கிறார், அந்த நிலையிலும் நான் மைலேஜைப் பற்றிப் பெருமையடித்தேன். அக்காவுக்கு அதுதான் தாங்கவில்லை. அம்மாவிடம் செய்த சத்தியம், குனிந்த தலை, எல்லாம் அந்த நொடியில் காற்றில் போயின.

"உன் டீசல்ல இடி விழ! என் கூரையைக் கரியாக்கிட்டு மைலேஜா பேசுற?" என்று கத்திக்கொண்டே எதிரே மாட்டியிருந்த ஒயர் கூடையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். இழுத்த வேகத்தில் கூடை என் தலையில் இறங்கியது. உள்ளே இருந்தவை தேங்காய் மூடிகள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

எஞ்சின் நின்றது.

மாடு ஒன்று பெருமூச்சு விட்டது. என் தலையில் மல்லிகைப்பூ, மடியில் தேங்காய். அக்கா கையில் கூடையோடு அடுத்த அடிக்குத் தயாராக இருந்தாள். சாவிக்கு அடங்காத, தண்ணீருக்கு அடங்காத, வேப்பிலைக்கு அடங்காத எஞ்சின், அவள் ஒரு கத்துக் கத்தியதும் கப்சிப் என்று அடங்கியதைத் தெருவே பார்த்தது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது, பொய் சொல்வானேன்.

அப்புறம்தான் எல்லோரும் பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். தலைமாட்டில் தொடங்கிப் பாதி நீளத்துக்குக் கரி படிந்திருந்தது. "கூரையில கருப்பு பட்டுடுச்சே" என்று யாரோ ஒரு அம்மாள் மெதுவாகச் சொன்னார். இது வெறும் பட்டு அல்ல. நல்ல காரியத்தின் முதல் துணி. இதைவிட அற்பமான காரணங்களுக்கெல்லாம் கல்யாணங்கள் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அம்மா ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

தனபாக்கியம் அம்மாள் பாவின் மேல் குனிந்தார். இரண்டு விரலால் இழையைத் தேய்த்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். பிறகு ஜீப்பை நோக்கி நடந்து வந்தார். நான் சீட்டுக்குள் முடிந்த அளவு சின்னதானேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. நேராக அக்காவின் பக்கம் போய் நின்றார்.

அக்கா தலையைக் குனியவில்லை. இனி குனிந்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்திருக்கலாம். கண் நிறைய தண்ணீரோடு, ஆனால் குரல் பிசகாமல் சொன்னாள்:

"அத்தே, கருப்பு நூல்ல தானே பட்டுது? கல்யாணத்துல படலியே. கஞ்சியை அலசிட்டு மறுபடியும் சாயத்துல போடுங்க. எந்தக் கலர் வருதோ வரட்டும், அதையே கட்டிக்கினு உக்கார்றேன். இதுக்காவ கல்யாணத்தை நிறுத்தாதீங்க. எனக்கு அவரைப் பிடிச்சிருக்குது."

பாதி சோப்பு முகத்தோடு நின்றிருந்த ஏகாம்பரத்தின் மீதி முகம் சிவந்துபோனது. பெண் வாயால் இப்படி ஒரு வார்த்தை, அதுவும் நடுத்தெருவில், அந்தக் காலத்தில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அம்மாவுக்கு அழுகைகூட நின்றுவிட்டது.

தனபாக்கியம் அம்மாள் அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார். தெருக்கோடி வரைக்கும் கேட்கிற சிரிப்பு.

"ஏம்மா, பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு நீ தலையே தூக்கலியே. வாயில நாக்கு இருக்குதா இல்லியான்னு கூட எனக்கு சந்தேகமா போச்சு. தறி ஓடுற வூடு, நாலு பேரு வந்து போற வூடு, இந்தப் பூனைக்குட்டி எப்படி சமாளிக்கப் போவுதுன்னு எனக்குத் தூக்கமே கிடையாது. உங்க அம்மாகிட்ட எப்படி சொல்றதுன்னு தவிச்சிக்கினு இருந்தேன். இனிமே நிம்மதியா தூங்குவேன்." அம்மா பக்கம் திரும்பினார். "அழாதீங்க சம்பந்தி. வீரமா ஒரு பொண்ணைப் பெத்துட்டு இன்னாத்துக்கு அழுவுறீங்க?"

எந்தக் குணம் தெரிந்தால் கல்யாணம் நிற்கும் என்று அம்மா பயந்து மூடி வைத்தாளோ, அதைத்தான் அந்த அம்மாள் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். நான் புகை போட்டிருக்காவிட்டால் இது இரண்டு வீட்டுக்கும் தெரியாமலே போயிருக்கும். (இதை நான் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறேன். யாரும் எனக்கு நன்றி சொன்னதில்லை.)

அப்போதுதான் அப்பா சைக்கிளில் வந்து சேர்ந்தார். பின்னால் கேரியரில் கம்பெனிக்காரர், கையில் காபி டம்ளரோடு. டம்ளரைக் கீழே வைக்கக்கூட மறந்து ஓடி வந்திருக்கிறார். வண்டியைச் சுற்றிப் பார்த்து, உள்ளே பார்த்து, "ஸ்டாப் நாபை இழுத்தது யாரு?" என்று கேட்டார்.

"எது சார்?" என்றேன்.

அவர் காட்டினார். நான் கூடை மாட்டிய கொக்கி. டீசல் எஞ்சினைச் சாவியால் நிறுத்த முடியாதாம். அந்தக் கைப்பிடியை இழுத்து எண்ணெயை அடைத்தால்தான் நிற்குமாம். நேற்று இதைத்தான் சொல்ல வந்தாராம். தெருவே என்னைப் பார்த்தது. நான் தலையிலிருந்த மல்லிகைப்பூவை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தேன், வேறு என்ன செய்வது?

அப்பா முகத்தில் ஈயாடவில்லை. கம்பெனிக்காரர் பரிதாபமாக, "பரவாயில்லீங்க, பெட்ரோல் வண்டியே எழுதிக்கிறேன்" என்றார்.

அப்பா பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஜீப்பைப் பார்த்தார். "காலையிலேருந்து நிறுத்தாம கத்திக்கினு இருந்துச்சே. எவ்ளோ எண்ணெய் குடிச்சிருக்குது, பாருங்க" என்றார்.

கம்பெனிக்காரர் டாங்கில் ஒரு குச்சியை விட்டுப் பார்த்தார். "ரொம்ப இல்லீங்க" என்றார்.

"அப்போ டீசலே எழுதிக்குங்க. இந்தப் பையனுக்குத் தெரியாத விஷயம் ஒண்ணாவது இந்த வண்டியில இருக்குது. அதுக்காவே வாங்கணும்" என்றார் அப்பா. வாரக்கணக்கில் நான் கம்ப்ரெஷனும் டார்க்கும் சொல்லி ஜெயிக்க முடியாத வழக்கு, நான் அவமானப்பட்ட அரை மணி நேரத்தில் ஜெயித்துவிட்டது.

பாவை அலசினார்கள். கரி முழுதாகப் போகவில்லை. மஞ்சளின் மேல் நீலத்தை ஏற்றி மறுபடி சாயம் போட்டபோது ஒரு பச்சை வந்தது. இலைப்பச்சையும் இல்லை, கிளிப்பச்சையும் இல்லை. உள்ளே லேசாகப் புகை மூட்டம் போட்ட மாதிரி ஆழமான ஒரு பச்சை, வெளிச்சத்தில் திருப்பினால் மட்டும் அடியில் மாம்பழ மஞ்சள் எட்டிப் பார்க்கும். அரக்குக் கரையோடு நெய்து எடுத்தபோது தனபாக்கியம் அம்மாளே அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அக்கா அதைக் கட்டிக்கொண்டுதான் மணையில் உட்கார்ந்தாள். கல்யாணத்துக்கு வந்த பெண்கள் தாலி கட்டியதைப் பார்த்தார்களோ இல்லையோ, புடவையைப் பார்த்தார்கள். அப்புறம் அதே கலர் வேண்டும் என்று சம்பந்தி வீட்டுக்கு ஆள்மேல் ஆள் வந்தது. என்ன முயன்றும் அந்தப் பச்சை மறுபடி வரவில்லை. "பையனை ஜீப்போட அனுப்புறேன், பாவை நீட்டுங்க" என்று அப்பா கேலி செய்வார். அந்த நிறத்துக்குப் பிள்ளையார்பாளையத்தில் டீசல் பச்சை என்று பெயர் நின்றுவிட்டது.

மாப்பிள்ளை அழைப்பு அந்த ஜீப்பில்தான் நடந்தது. மண்டப வாசலில் வண்டி நின்றதும், "நிறுத்துறதுக்குப் பொண்ணு வரணும்" என்று ஏகாம்பரம் மச்சான் அடம்பிடித்தார். அக்கா வந்து கைப்பிடியை இழுத்தாள். "எஞ்சினையே ஒரே இழுப்புல அடக்குனவ, நான் எந்த மூலைக்கு?" என்று அவர் அன்று சொன்னதைத்தான் கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். அக்காவும் அவரும் அத்தனை ஒற்றுமையாக வாழ்ந்தார்கள்.

அன்றிலிருந்து இது வழக்கமாகிவிட்டது. மற்ற வீடுகளில் புது வண்டிக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துக் கிளப்புவார்கள். எங்கள் வீட்டில் கிளப்புவதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். முதல் முறை நிறுத்துவது அக்கா. ஸ்கூட்டரோ டிராக்டரோ, அவள் வந்து நிறுத்தினால்தான் வண்டி வீட்டு வண்டி.

ஆக, என் மகன் பேட்டரி வண்டியைத்தான் கடைசியில் எடுத்தான். (என்னை யாரும் கேட்கவில்லை.) போன வெள்ளிக்கிழமை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். அக்கா டீசல் பச்சையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஐம்பது வருஷத்தில் அவள் தலை நரைத்துவிட்டது, மச்சானும் இல்லை, புடவை மட்டும் அப்படியே இருக்கிறது. பேரப்பிள்ளைகள் கைத்தாங்கலாக அவளை முன் சீட்டில் ஏற்றிவிட்டார்கள். நான் டிரைவர் சீட்டில். அதுவும் வழக்கம்தான்.

"ஓடுதாடா?" என்றாள்.

"ஓடிக்கிட்டுதான் இருக்குது அத்தே. சத்தம் வராது" என்றான் மகன்.

"புகை?"

"புகையே கிடையாது."

அக்காவின் முகம் விழுந்துவிட்டது. "எங்க இழுக்கணும்?"

"இழுக்க வேணாம். இதோ, இந்த பட்டனைத் தொட்டா போதும்."

தொட்டாள். எதிரே திரையில் விளக்கு அணைந்தது. அவ்வளவுதான். ஒரு சத்தம் இல்லை, ஒரு குலுக்கல் இல்லை. அக்கா தன் விரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"இன்னாடா இது, இதை நிறுத்துறதுக்குக் கோவமே தேவையில்லியே" என்றாள்.

பிறகு காலடியில் வைத்திருந்த பழைய சிவப்பு வெள்ளை ஒயர் கூடையை எடுத்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு தலையைக் கொடுத்தேன். என் வயதைப் பார்த்து இப்போதெல்லாம் தேங்காய் போடுவதில்லை, வெறும் மல்லிகைப்பூதான். வழுக்கையில் பூ நிற்காமல் சட்டைக்குள் போய்விட்டது, சாப்பிட உட்காரும் வரைக்கும் எடுத்துக்கொண்டிருந்தேன்.